கைப்பேசி யார் கையில்?

உங்கள் வீட்டில் இரவு கடைசியாக அணைகின்ற விளக்கு எது? வாசற்கதவைத் தாழிட்டு, அடுப்படியை ஒருமுறை பார்த்துவிட்டு, கூடத்து விளக்கையும் அணைத்த பின் நீங்கள் படுக்கச் செல்கிறீர்கள். அதற்குப் பிறகும் உங்கள் பிள்ளையின் போர்வைக்குள் ஒரு சிறு வெளிச்சம் எரிந்துகொண்டிருக்கிறதா? அப்படியானால் இக்கட்டுரை உங்களுக்காகத்தான். 'எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் கிடையாது' என்று உறுதியாகச் சொல்லக் கூடியவராயினும் பொறுமையுடன் ஒருமுறை படித்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காவது பயன்படும்.

முன்பெல்லாம் பிள்ளைகள் வழி தவறுவதற்கு வீட்டை விட்டு வெளியே போக வேண்டியிருந்தது. தெருமுனை, திரையரங்கு, கூடாத சகவாசம் என்று பெற்றோர் அஞ்சிய இடங்கள் யாவும் வாசற்படிக்கு அப்பால் இருந்தன. 'மஃரிபுக்குள் வீடு வந்து சேர்ந்துவிட வேண்டும்' என்ற ஒரே கட்டளை பல குடும்பங்களுக்குப் போதுமானதாக இருந்தது. இன்று பையன் மஃரிபுக்கு முன்பே வந்துவிடுகிறான். யாரோடும் சண்டையில்லை, சச்சரவில்லை. அறைக்குள் அமைதியாகத்தான் இருக்கிறான். அந்த அமைதியே நம்மை ஏமாற்றிவிடுகிறது.

வீட்டுக்குள் வந்த கதை

கையகலக் கணினியாக இயங்கும் இன்றைய ஸ்மார்ட்போன் மிகப் பழைய பொருள் அன்று. ஐபோன் விற்பனைக்கு வந்தது 2007ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். ஆண்ட்ராய்டில் இயங்கும் முதல் கைப்பேசி அதற்கடுத்த ஆண்டில் வந்தது. ஆயினும் நம் நாட்டில் அது நெடுநாள் வசதியுள்ளோரின் பொருளாகவே இருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியதும், போட்டியின் காரணமாக இணையக் கட்டணம் மளமளவெனச் சரிந்தது. ஒரு மாதத்திற்கென்று வாங்கி எண்ணி எண்ணிச் செலவழித்த இணையம், நாள்தோறும் தாராளமாகக் கிடைக்கலாயிற்று.

பிறகு வந்தது 2020 மார்ச். கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. அதுவரை 'போனைத் தொடாதே' என்று சொல்லிவந்த நாமே, 'போனை எடுத்துக்கொண்டு உட்கார், வகுப்பு தொடங்கப் போகிறது' என்று சொல்லும்படி ஆயிற்று. புத்தகப் பையின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. நோய் தணிந்து பள்ளிகள் திறந்தன. கரும்பலகையும் சாக்கட்டியும் திரும்பி வந்தன. பிள்ளையின் கைக்குப் போன கைப்பேசி மட்டும் பெற்றோரின் கைக்குத் திரும்பி வரவில்லை.

கிராமப்புற இந்தியாவின் கல்வி நிலையை ஆராயும் 'அசர்' அறிக்கையின் 2024ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். 14 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளில் 82 விழுக்காட்டினருக்கு மேல் ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரியும் என்கின்றனர். முந்திய ஒரு வாரத்தில் அதைப் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் சுமார் 57 விழுக்காடு. சமூக ஊடகங்களுக்காகப் பயன்படுத்தியவர்கள் சுமார் 76 விழுக்காடு. இது நகரத்துப் பிள்ளைகளின் கணக்கன்று, கிராமத்துக் கணக்கு. 'படிப்புக்காகத்தான் வாங்கிக் கொடுத்தோம்' என்று நாம் சொல்கிறோம். படிப்பைவிடப் பிறவற்றுக்கே அது மிகுதியாகப் பயன்படுகிறது என்று பிள்ளைகளே சொல்கிறார்கள்.

நம் சமுதாயக் குடும்பங்களில் இதற்கு மற்றொரு வாசலும் உண்டு. குடும்பத் தலைவர் சவூதியிலோ, துபாயிலோ, குவைத்திலோ, சிங்கப்பூரிலோ உழைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுமுறையில் வருகிறார். பெட்டியைத் திறந்ததும் பிள்ளை முதலில் தேடுவது கைப்பேசியைத்தான். 'கூட இருந்து வளர்க்கத்தான் முடியவில்லை, கேட்டதையாவது வாங்கிக் கொடுப்போமே' என்று அந்த வாப்பாவின் மனம் எண்ணுகிறது. அதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. அதுமட்டுமன்று, அந்தக் கைப்பேசியின் வழியாகத்தான் பிள்ளை நாள்தோறும் தன் அத்தாவின் முகத்தைக் காண்கிறது. ஆகவே, 'கைப்பேசியே வேண்டாம், தூக்கி எறியுங்கள்' என்று யாரேனும் அறிவுரை கூறினால், அவர் நம் வீடுகளின் நிலையை அறியாதவர் என்றே சொல்ல வேண்டும். எறியவும் முடியாத, அப்படியே விட்டுவிடவும் கூடாத ஒரு பொருளை எப்படி ஆள்வது என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

அடிமைத்தனம் என்பது எது?

கைப்பேசியை எடுத்துப் பார்க்கும் பிள்ளைகள் அனைவரையும் அடிமை என்று சொல்லிவிடலாகாது. பாடத்தில் ஐயம் தீர்த்துக்கொள்வதும், தோழியோடு பேசுவதும், ஓய்வில் சிறிது நேரம் விளையாடுவதும் நோயாகிவிடா. மருத்துவ உலகமும் இதில் நிதானமாகவே நடந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019 மே மாதத்தில் ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய நோய்ப் பட்டியலில், மின்திரை விளையாட்டில் கட்டுப்பாடிழந்து போவதை ஒரு கோளாறாகச் சேர்த்தது. கைப்பேசிப் பயன்பாட்டையோ சமூக ஊடகத்தையோ அவ்வாறு தனி நோயாக அது சேர்க்கவில்லை. ஆயினும் அக்கோளாற்றுக்கு அது கூறும் மூன்று அடையாளங்கள் நமக்கு நல்ல அளவுகோலாக உதவும்.

முதலாவது, எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்னும் கட்டுப்பாடு கைநழுவிப் போதல். இரண்டாவது, உணவு, உறக்கம், படிப்பு, உறவு ஆகிய அனைத்தையும்விட அதுவே முதன்மையாகிவிடுதல். மூன்றாவது, தீங்கு நேர்வதைக் கண்கூடாகக் கண்ட பின்னரும் விட முடியாமல் தொடர்தல். இந்நிலை ஒரு வாரமோ இரு வாரமோ இருந்து மறைந்துவிடாமல், பெரும்பாலும் ஓராண்டளவு நீடித்து, வாழ்க்கையையே பாதித்தால்தான் மருத்துவர்கள் அதனை நோய் என்பர்.

உங்கள் பிள்ளையை இந்த அளவுகோலால் நிதானமாகக் கவனியுங்கள். கைப்பேசியை வாங்கி வைத்தால் சிறிது முகம் சுளிக்கிறானா, அல்லது பொருள்களை வீசி எறிந்து வீட்டையே கலவரமாக்குகிறானா? முன்பு விரும்பிச் செய்தவற்றை, பந்தாட்டத்தையோ ஓவியத்தையோ மாமி வீட்டுக்குப் போவதையோ, காரணமின்றிக் கைவிட்டிருக்கிறாளா? எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று கேட்டால் பொய் சொல்கிறானா? பொய் தலைகாட்டும் இடத்தில் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

தூண்டிலின் சூட்சுமம்

'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனக்கட்டுப்பாடே இல்லை' என்று பெரியவர்கள் வருந்துகின்றனர். ஆனால், அந்தச் சிறு திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை அறிந்தால் பிள்ளைமீதுள்ள கோபம் பாதியாகக் குறையும்.

அமெரிக்க உளவியலறிஞர் பி.எஃப். ஸ்கின்னர் சென்ற நூற்றாண்டில் புறாக்களை வைத்து ஆய்வுகள் செய்தார். பொத்தானைக் கொத்தினால் தீனி விழும். குறிப்பிட்ட முறைப்படி தீனி விழுந்தபோது புறா தீனியைத் தின்றுவிட்டுச் சற்று ஓய்ந்தது. எப்போது விழும், எப்போது விழாது என்று தெரியாதபடி செய்தபோதோ, புறா ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தது. தீனியை நிறுத்திய பின்னும் நெடுநேரம் கொத்திற்று. சூதாட்டக்காரன் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருப்பதும் இதே காரணத்தால்தான். 'அடுத்த ஆட்டத்தில் வந்துவிடும்' என்னும் எதிர்பார்ப்பே அவனுக்கு விலங்காகிறது.

இப்போது பிள்ளையின் விரலைப் பாருங்கள். திரையை மேலே தள்ளுகிறது. ஒன்று சலிப்பு, அடுத்ததும் சலிப்பு, மூன்றாவது சிரிப்பு. மீண்டும் தள்ளுகிறது. எங்கும் முடிவே இல்லாமல் கீழே கீழே ஓடிக்கொண்டிருக்கும் இந்தத் திரை அமைப்பை 2006ஆம் ஆண்டில் வடிவமைத்தவர் அஸா ரஸ்கின் என்பவர். புத்தகத்தில் அத்தியாயம் முடியும். மாத இதழில் கடைசிப் பக்கம் வரும். அங்கே நாம் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்ப்போம். அந்த நிறுத்தம் இல்லாதபடி செய்ததே அதன் சாமர்த்தியம். பின்னாளில் அவரே இதன் தீய விளைவுகளை எடுத்துக் கூறிவருகிறார். 2009 பிப்ரவரியில் ஃபேஸ்புக் 'லைக்' பொத்தானைக் கொண்டுவந்தது. அன்று முதல் தன் படத்தை எத்தனை பேர் விரும்பினர் என்று எண்ணிப் பார்ப்பது பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலாயிற்று.

ஏன் இவ்வளவு பாடுபட்டு நம் பிள்ளையைப் பிடித்து வைக்கின்றனர்? இச்செயலிகளுக்கு நாம் பணம் கொடுப்பதில்லை, விளம்பரக்காரர்களே கொடுக்கின்றனர். நம் பிள்ளை எத்தனை நிமிடம் பார்க்கிறதோ அத்தனை நிமிடம் அங்கே விற்பனைக்கு வருகிறது. 2021ஆம் ஆண்டில் ஃபேஸ்புக் நிறுவனத்தின் முன்னாள் ஊழியரான பிரான்செஸ் ஹாகன் வெளியிட்ட உள் ஆவணங்களில் ஒரு செய்தி இருந்தது. தம் உடலைப் பற்றி ஏற்கெனவே மனம் குன்றியிருந்த வளரிளம் பெண்களில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அந்தக் குறையுணர்வை மேலும் மோசமாக்கியதாகக் கூறினர் என்பதே அது. நிறுவனமே நடத்திய ஆய்வு அது. வெளியுலகுக்குத் தெரியாமல் இருந்தது.

ஒரு பக்கத்தில் உலகின் கூர்மையான மூளைகள் பல சேர்ந்து அமைத்த பொறி. மறுபக்கத்தில் பதினான்கு வயதுப் பிள்ளை. தன்னடக்கத்துக்கும் முன்யோசனைக்கும் உரிய மூளையின் முன்பகுதி இருபது வயதைக் கடந்த பின்னரே முழு வளர்ச்சி பெறுகிறது. இந்தப் போட்டி சமமானதா என்று நீங்களே சொல்லுங்கள்.

இரவு பறித்துக்கொள்வது

கைப்பேசி செய்யும் தீங்குகளில் முதலாவது எது என்றால், உறக்கத்தைத் திருடுவதே என்பேன். 13 முதல் 18 வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்று உறக்க மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர். பகலில் படித்ததை நினைவில் பதிய வைக்கும் வேலையை மூளை பெரும்பாலும் உறக்கத்தில்தான் செய்கிறது. இரவு இரண்டு மணி வரை விழித்திருக்கும் மாணவன், மாலையில் இரண்டு மணி நேரம் படித்ததில் ஒரு பகுதியைத் தானே அழித்துவிடுகிறான். மறுநாள் வகுப்பில் அவன் கண்கள் திறந்திருக்கும், காதுகள் மூடியிருக்கும். 'புத்தி மந்தம்' என்று ஆசிரியர் எழுதுவார். அவனுக்கு வேண்டியிருந்ததோ நல்ல உறக்கம்.

வளரிளம் பருவத்தில் இயல்பாகவே உறக்கம் சற்றுத் தாமதித்துத்தான் வரும். உறக்கத்தை அழைத்து வரும் 'மெலடோனின்' என்னும் சுரப்பு இரவின் இருளில் மிகுகிறது. கண்ணருகே ஒளிரும் திரை அதைத் தள்ளிப்போடுகிறது. ஒளியைவிட உள்ளே ஓடும் காட்சிகள் இன்னும் மோசம். சண்டை விளையாட்டை ஆடிவிட்டுப் படுத்தவனின் இதயத் துடிப்பு அடங்கவே நேரம் பிடிக்கும்.

நம் வீடுகளில் இதனை அறிந்துகொள்ள ஒரு நல்ல வழி உண்டு. அதிகாலைப் பாங்கோசை கேட்டு முன்பெல்லாம் தானே எழுந்த பிள்ளை, இப்போது நான்கு முறை உலுக்கினாலும் எழவில்லையென்றால், அது சோம்பல் என்று முடிவு கட்டுமுன் இரவில் எப்போது உறங்கினான் என்று விசாரியுங்கள். ரமளான் மாதத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தராவீஹ் முடிந்து வந்த பிள்ளைகள் 'ஸஹர் வரை விழித்திருப்போம்' என்று சொல்லிக் கூடுவர். அந்த நான்கைந்து மணி நேரம் எதில் கரைகிறது என்பதை அவ்வீட்டார் அறிவார்கள், சொல்லத்தான் தயங்குவார்கள்.

சொல்ல முடியாமல் தவிக்கும் பிள்ளை

உறக்கம் போனால் மீட்டுக்கொள்ளலாம். அதனினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அதைத் தாய்மார்கள் மிகவும் கவனத்துடன் படிக்க வேண்டுகிறேன்.

முகமறியாத ஒருவன் பெண்பிள்ளையிடம் தோழி போல அறிமுகமாகிறான். படம் ஒன்றைப் பெறுகிறான். அல்லது வகுப்புத் தோழிகள் பகிர்ந்த சாதாரணப் படத்தையே எடுத்து மாற்றியமைக்கிறான். பிறகு, 'பணம் கொடு, இல்லையேல் உன் வாப்பாவுக்கு அனுப்புவேன்' என்று மிரட்டுகிறான். ஆண்பிள்ளைகளும் இவ்வாறு சிக்குகின்றனர். இன்னொரு புறம், விளையாட்டில் ஆயுதமும் உடையும் வாங்குவதற்காக உம்மாவின் வங்கிக் கணக்கிலிருந்து நூறு, இருநூறு என்று எடுத்து, அது ஆயிரங்களாகி, தெரிந்துவிடுமோ என்று நடுங்கிக்கொண்டிருக்கும் பையன்கள் இருக்கின்றனர். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. ஆனால், விளையாட்டுக்குள் பொருள் வாங்கும் செலவு வேறு. அது இன்னும் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்படிச் சிக்கிய பிள்ளை ஏன் பெற்றோரிடம் சொல்வதில்லை? சொன்னால் என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியும். முதலில் அடி, பிறகு கைப்பேசி பறிபோகும், பெண்பிள்ளையாயின் படிப்பும் நின்று, அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பர். இவ்வளவையும் எண்ணிப் பார்க்கும் பதினைந்து வயதுச் சிறுமிக்கு, மிரட்டுகிறவனைவிடத் தன் வீடே பெரிய அச்சமாகத் தோன்றுகிறது. மிரட்டுகிறவன் நம்பியிருப்பதும் அந்த அச்சத்தைத்தான்.

ஆகவே, எதுவும் நேராத இன்றே உங்கள் மகளை அருகில் அமர்த்திச் சொல்லுங்கள்: "யாராவது உன்னை மிரட்டினால் என்னிடம் வா. தவறு உன்னுடையதாகவே இருந்தாலும் முதலில் உன்னைக் காப்பேன். மற்றவற்றைப் பிறகு பேசிக்கொள்வோம். உன் படிப்பு நிற்காது." சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்யுங்கள். மிரட்டல் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். உரையாடலை அழித்துவிடாமல் சான்றாக வைத்திருங்கள். இணையக் குற்றங்களுக்கு 1930 என்ற எண்ணும், குழந்தைகளின் பாதுகாப்புக்கு 1098 என்ற எண்ணும் இருக்கின்றன. பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு எதிரான பாலியல் குற்றங்களைத் தண்டிக்கும் போக்சோ சட்டம் 2012 முதல் உள்ளது. அச்சட்டப்படி பிள்ளையின் பெயரோ அடையாளமோ வெளியிடப்படலாகாது என்பதையும் தெரிந்து வையுங்கள். குடும்ப மானம் போய்விடும் என்று அஞ்சி வாய்மூடி இருப்பதால் குற்றவாளிக்கு மட்டுமே நன்மை.

சட்டங்கள் செய்தது என்ன?

'அரசாங்கமே தடை செய்துவிட்டால் என்ன?' என்று கேட்கத் தோன்றும். உலகில் பல நாடுகள் முயன்று பார்த்திருக்கின்றன.

தென்கொரியா 2011 நவம்பரில், 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடலாகாது என்று சட்டம் செய்தது. கணினியை மனத்தில் வைத்துச் செய்த சட்டம் அது. பிள்ளைகள் கைப்பேசி விளையாட்டுக்கு மாறினர். சிலர் பெற்றோரின் அடையாள எண்ணைக் கொடுத்து நுழைந்தனர். பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2022 தொடக்கத்தில் அச்சட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. சீனா 2021இல் இன்னும் கடுமையாக, வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே சிறார் ஆடலாம் என்று வரையறுத்தது. பிரான்ஸ் 2018இல் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் கைப்பேசிப் பயன்பாட்டைத் தடுத்தது. ஆஸ்திரேலியா 16 வயதுக்குட்பட்டோர் முக்கியமான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கலாகாது என்று சட்டம் செய்து, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது. அதை மீறினால் தண்டனை பிள்ளைக்கோ பெற்றோர்க்கோ இல்லை, நிறுவனங்களுக்குத்தான்.

நம் நாட்டு அனுபவம் வேறு விதமானது. 2020 ஜூன் இறுதியில் நாட்டின் பாதுகாப்பைக் காரணங்காட்டி டிக்டாக் செயலி தடை செய்யப்பட்டது. பல தாய்மார்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். ஒரு மாதம்கூட ஆகவில்லை. இன்ஸ்டாகிராமில் 'ரீல்ஸ்' வந்தது. செப்டம்பரில் யூடியூபின் 'ஷார்ட்ஸ்' வந்தது. அதே மாதத்தில் பப்ஜி தடை செய்யப்பட்டபோதும் அதன் இடத்தை வேறு விளையாட்டுகள் நிரப்பின. கதவுக்குக் கதவு பூட்டுப் போட்டாலும் சாளரம் திறந்தே இருக்கிறது. சட்டம் தேவைதான், நிறுவனங்களைப் பொறுப்பாக்கும் சட்டம் மிகவும் தேவை. ஆயினும் நம் வீட்டு இரவு எந்தச் சட்டத்தின் கைக்கும் எட்டாத இடத்தில் இருக்கிறது. அங்கே பொறுப்பு நம்முடையது.

நாம் செய்யத் தக்கவை

முதலாவதாக, நம்மிடமிருந்தே தொடங்குவோம். சோற்றைப் பிசைந்து கொடுத்துக்கொண்டே உம்மா சீரியல் பார்த்தால், திண்ணையில் அமர்ந்து வாப்பா வாட்ஸ்அப் செய்திகளை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருந்தால், பிள்ளைக்குச் சொல்லும் அறிவுரை காற்றோடு போய்விடும். ஒன்றரை வயதுக் குழந்தை சாப்பிடுவதற்காகக் கையில் கைப்பேசியைக் கொடுத்து வளர்த்துவிட்டு, பதினைந்து வயதில் பிடுங்க நினைப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

இரண்டாவதாக, கைப்பேசிக்கு ஓர் உறங்குமிடம் ஏற்படுத்துங்கள். இரவு இத்தனை மணிக்கு வீட்டிலுள்ள அனைவருடைய கைப்பேசிகளும் கூடத்திலுள்ள ஓரிடத்தில் சார்ஜில் இருக்க வேண்டும். இந்த விதி பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான். 'எழுப்புவதற்கு அலாரம் வேண்டுமே' என்று பிள்ளை சொன்னால், சிறிய அலாரக் கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். இந்த ஒரு பழக்கம் நிலைத்துவிட்டாலே பாதிப் போர் முடிந்துவிடும்.

மூன்றாவதாக, விதிகளைப் பிள்ளையோடு அமர்ந்து பேசி வகுத்துக்கொள்ளுங்கள். பள்ளி நாளில் எவ்வளவு நேரம், விடுமுறையில் எவ்வளவு நேரம், தேர்வு மாதத்தில் எப்படி என்று அவனே சொல்லட்டும், நீங்கள் திருத்துங்கள். பின்பு ஓயாது ஒலியெழுப்பும் அறிவிப்புகளை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டில் 'ஃபேமிலி லிங்க்', ஐபோனில் 'ஸ்க்ரீன் டைம்' என்று நேர வரம்பு வைக்கும் வசதிகள் இலவசமாகவே உள்ளன. ஆனால், அவற்றைப் பிள்ளைக்குத் தெரிவித்தே பொருத்துங்கள். ஒளிந்திருந்து வேவு பார்த்தால் பிள்ளையும் ஒளியக் கற்றுக்கொள்ளும்.

நான்காவதாக, எடுத்த எடுப்பில் பறித்து உடைக்காதீர்கள். கடுமையாகப் பழகிவிட்ட பிள்ளையிடமிருந்து திடீரெனப் பறிப்பது சில வேளைகளில் விபரீதத்தில் முடியும். நாள்தோறும் ஐந்து மணி நேரம் பார்ப்பவனை இந்த வாரம் நான்காகவும், பிறகு மூன்றாகவும் இறக்கிக் கொண்டுவாருங்கள்.

ஐந்தாவதாக, காலியாகும் நேரத்தில் எதை வைக்கப் போகிறீர்கள்? பையனுக்காவது மைதானமும் கடற்கரையும் தெருவும் உண்டு. நம் ஊர்களில் பெண்பிள்ளை பள்ளிவிட்டு வந்தால் எங்கே போவாள்? நூலகத்துக்குப் போக அனுமதியில்லை, விளையாட இடமில்லை, தோழி வீட்டுக்குப் போனால் கேள்வி. நான்கு சுவர்களுக்குள் அவளுக்குக் கிடைத்த ஒரே சாளரம் அந்தத் திரைதான். அதையும் மூடச் சொல்லுமுன் வேறொரு வாசலைத் திறந்து கொடுப்பது நம் கடமை. ஜமாஅத்துகள் மண்டபம் கட்ட ஆர்வம் காட்டுவது போல, பெண்பிள்ளைகளுக்கென ஒரு படிப்பகமும், மாலையில் விளையாடுவதற்குப் பாதுகாப்பான ஓரிடமும் ஏற்படுத்தினால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

ஆறாவதாக, பள்ளி நிருவாகத்துடன் பேசுங்கள். வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குழுவில் அனுப்புகின்ற பள்ளிகள் பல. அதைப் பார்க்க வாங்கும் கைப்பேசி அதோடு திரும்பி வருவதில்லை. வீட்டுப்பாடத்தை நாட்குறிப்பில் எழுதி அனுப்புமாறு பெற்றோர் பலர் ஒன்றுசேர்ந்து கேட்டால் எந்தப் பள்ளியும் மறுக்காது.

ஏழாவதாக, வெளிநாட்டிலிருக்கும் தந்தையருக்கு ஒரு சொல். உங்கள் அழைப்புக்கு ஒரு நேரம் வகுத்துக்கொள்ளுங்கள். அந்நேரத்தில் உம்மாவின் கைப்பேசியிலேயே பிள்ளை உங்களோடு பேசட்டும். 'நல்ல மதிப்பெண் எடு, புதுப் போன் அனுப்புகிறேன்' என்ற வாக்குறுதியை விட்டுவிடுங்கள். பிள்ளையைப் பற்றி உம்மா முறையிட்டதும் ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து திட்டித் தீர்ப்பதால் பயனில்லை. இன்று பள்ளியில் என்ன நடந்தது என்று கேளுங்கள், சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். விடுமுறையில் வரும் அந்தச் சில வாரங்களில் உங்கள் கைப்பேசி பெட்டியிலேயே இருக்கட்டும்.

இவ்வளவும் செய்த பின்னரும் பிள்ளை உண்ணாமல், உறங்காமல், பள்ளிக்குப் போகாமல் இருந்தால் மனநல மருத்துவரை நாடத் தயங்காதீர்கள். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் தனிப்பிரிவு இயங்கிவருகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் உள்ளன. 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவதில் இல்லாத வெட்கம் இதற்கு மட்டும் எதற்கு?

ஒரு கணக்கு

நிறைவாக, சிறியதொரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் கைப்பேசியில் வீணாக்குவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,095 மணி நேரம். 13 வயதிலிருந்து 18 வயது வரை ஐந்து ஆண்டுகளுக்கு 5,475 மணி நேரம். ஒருநாளில் நாம் விழித்திருப்பது 16 மணி நேரம் என்று கொண்டால், இது 342 நாள்களாகும். வாழ்வின் மிகச் சிறந்த ஐந்தாண்டுகளில் கிட்டத்தட்ட ஒரு முழு ஆண்டு!

அந்த ஓராண்டில் ஒரு மொழியைக் கற்றுக்கொள்ளலாம். ஒரு கைத்தொழிலில் தேர்ச்சி பெறலாம். நன்னீமாவின் வாயிலிருந்து குடும்பத்தின் நான்கு தலைமுறைக் கதையைக் கேட்டு எழுதி வைக்கலாம். வாப்பா பாலை வெயிலில் நின்று சம்பாதித்து அனுப்பும் பணம் அந்த ஓராண்டையும் நல்லபடியாகச் செலவழிப்பதற்காகத்தான்.

பணம் போனால் மீண்டும் சம்பாதிக்கலாம்; பொருள் உடைந்தால் வேறொன்று வாங்கலாம். பதினான்கு வயது என்பது ஒருவருக்கு ஒரே ஒருமுறைதான் வரும். உங்கள் பிள்ளைக்கு அது இப்போது வந்திருக்கிறது. விதிகளை வகுக்க நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இன்று இரவு உணவின்போதே பேச்சைத் தொடங்குங்கள்.